பழைய சரக்கு வண்டி வாங்கலாமா?

கார்த்திகை தீபம், பௌர்ணமி கிரிவலம் என்றால் திருவண்ணாமலையில் நமக்குச் சரக்கு வண்டி இல்லாமல் முடியாது. புது வண்டிக்கு முதல் போட இயலாத வணிகர்கள் பழைய டாடா ஏஸ் போன்ற வண்டிகளைத் தேடுகிறோம். பெயிண்ட் பளபளப்பை நம்பி முன்பணம் கொடுத்துவிடக் கூடாது. பழக்கமான மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்வதே நல்லது.

இன்ஜின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. செலவு பெரிதாக இருக்கும். சேஸிஸில் வெல்டிங், துரு உண்டா என்று குனிந்து பார்க்க வேண்டும். டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் கோளாறாகவோ, அடிபட்ட வண்டியாகவோ இருக்கலாம்.

ஆர்.சி.யில் உள்ள இன்ஜின், சேஸிஸ் எண்களை வண்டியோடு ஒப்பிட வேண்டும். எஃப்.சி., இன்சூரன்ஸ் தேதிகளையும் பார்க்க வேண்டும். கடன் வண்டி என்றால் படிவம் 35-ம் ஃபைனான்ஸ் கம்பெனியின் தடையில்லாச் சான்றும் அவசியம்.

விற்கும் வணிகர்களும் கவனிக்க வேண்டும். படிவம் 29, 30-ல் கையெழுத்திட்டுக் கொடுத்ததோடு வேலை முடியவில்லை. ஆர்.சி.யில் பெயர் மாறாதவரை விபத்து இழப்பீட்டுக்குப் பழைய உரிமையாளரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. வண்டி கைமாறினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயரும் மாற வேண்டும். அதுவரை அது நம் வண்டிதான்.