கோடையில் நகருக்குப் புறப்படும் முன்

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்குக் கோடை புதிதன்று. கோடை மழையும் புதிதன்று. ஆயினும் வெயிலுக்கு என்று ஒரு நாளும் மழைக்கு என்று ஒரு நாளும் தனித்தனியாக இருப்பதுபோல் எண்ணிக்கொண்டுதான் நம்மில் பலரும் பயணம் புறப்படுகிறோம். சித்திரை, வைகாசி மாதங்களில் இவ்விரண்டும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன என்பதை நான் பட்டுத்தான் அறிந்துகொண்டேன். புவியியல் மாணவன் என்ற முறையில் அந்தப் பட்டறிவையும், பின்னர்ப் படித்தறிந்தவற்றையும் சேர்த்து இக்கட்டுரையில் கூற விழைகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் கல்லூரிச் சேர்க்கைக் கலந்தாய்வுக்காக நானும் என் தந்தையாரும் சேலம் வந்தோம். எங்கள் ஊர் இராசிபுரத்தை அடுத்த ஒரு சிற்றூர். புறப்படும்போது திண்ணையில் அமர்ந்திருந்த அப்புச்சி, “ராத்திரியெல்லாம் ஒரே புழுக்கம். எறும்பு முட்டையத் தூக்கிக்கிட்டு மேலே ஏறுது. வெயில் தாழ மழை இருக்குது கண்ணு, நேரத்தோட வந்துருங்க” என்றார். மேகம் ஒன்றும் இல்லாத வானத்தைப் பார்த்துவிட்டு நான் சிரித்தேன்.

அன்று எனக்கு நான் விரும்பிய பாடம் கிடைக்கவில்லை. அடுத்த சுற்றுக்கு வருமாறு கூறி மூலச் சான்றிதழ்களைத் திருப்பித் தந்துவிட்டார்கள். மணி ஒன்றரை. நேரே ஊர் திரும்பியிருக்கலாம். “வந்ததுதான் வந்தோம், கடை வீதியைப் பார்த்துவிட்டுப் போவோம்” என்று அப்பாவை அழைத்துக்கொண்டு சுற்றியவன் நானே. நாலே கால் மணிக்குப் பேருந்து நிலையத்தை நோக்கி நடக்கையில் புழுதிக்காற்று எழுந்தது. ஒதுங்க இடம் தேடுவதற்குள் மழை கொட்டியது. கையிலிருந்த அட்டைக் கோப்பு நனைந்து கூழாயிற்று. கையால் எழுதப்பட்டிருந்த மாற்றுச் சான்றிதழில் என் பிறந்த தேதி இருந்த இடத்தில் நீலக்கறைதான் மிஞ்சியது. பள்ளிக்கோ கோடை விடுமுறை. மூன்று முறை அலைந்து, சான்றிதழின் புதுப்படி என் கைக்கு வந்தது அடுத்த சுற்றுக்கு முந்தின நாள் மாலையில். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் இந்தக் கட்டுரையை இம்மலரில் நான் எழுதியிருக்க முடியாது.

வெயிலும் மழையும் ஒரே நாளில் ஏன்?

சேலம் ஏறத்தாழ 11.7 பாகை வட அட்சரேகையில் உள்ளது. கதிரவன் வடதிசைப் பயணத்தில் ஏப்ரல் 20-ஐ ஒட்டி நண்பகலில் நம் தலைக்கு நேர் மேலே வருகிறான். நட்டு வைத்த கோலுக்கு அப்போது நிழலே விழுவதில்லை. அதன்பின் சில வாரங்கள் நிலம் சூட்டைச் சேர்த்துக்கொண்டே போகிறது. மே 4-ஐ ஒட்டித் தொடங்கி 28-ஐ ஒட்டி முடியும் அக்கினி நட்சத்திரத்தை நம் முன்னோர் இக்காலத்திற் குறித்து வைத்தது பொருத்தமே. சென்னை போன்ற கடற்கரை ஊர்களுக்கு நண்பகலில் கடற்காற்று வந்து சற்று ஆறுதல் தரும். நாமோ உள்நாட்டில் இருக்கிறோம். ஆதலால் நம் ஊர்களில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தொடுவது அரிதன்று.

சூடேறிய நிலத்தின் மேலுள்ள காற்று விரிந்து மேலெழுகிறது. வங்கக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றும் உள்நாட்டின் வறண்ட காற்றும் இக்காலத்தில் தென்னிந்தியாவின் உட்பகுதியில் ஒன்றையொன்று எதிர்கொள்கின்றன. போதாக்குறைக்கு, வடக்கே சேர்வராயன் மலையும், கிழக்கே கல்வராயன் மலையும், தென்கிழக்கே போதமலையும் கொல்லிமலையும் நின்று காற்றை மேலே ஏற்றிவிடுகின்றன. ஏறிய காற்று குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் முகிலாகிறது. அம்முகில் கோபுரம்போல் பத்து கிலோமீட்டருக்கும் மேல் வளர்ந்து இடியும் மின்னலுமாக இறங்குவதே கோடை மழை.

எனவே, வெயில்தான் மழைக்குத் தாய் எனலாம். நிலம் போதிய அளவு சூடேறுவதற்குப் பிற்பகல் ஆகிறது. மேகம் வளர மேலும் ஓரிரு மணி ஆகிறது. ஆகவேதான் கோடை மழை பெரும்பாலும் மாலை நான்கு மணிக்குமேல் முன்னிரவுக்குள் வருகிறது. முந்தைய இரவின் புழுக்கம் காற்றில் ஈரம் சேர்ந்திருப்பதன் அடையாளம். வானிலையியல் படிக்காத அப்புச்சி அதைத்தான் சொன்னார்.

தென்மேற்குப் பருவக்காற்று வழக்கமாக ஜூன் 1-ஐ ஒட்டிக் கேரளத்தில் தொடங்குகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை மறைப்பதால் கேரளத்தைப்போல் நமக்கு அடைமழை இல்லை. ஆயினும் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலும் மாலை இடிமழை நம்மை விடுவதில்லை. ஆதலால் இங்கே கூறுவன அம்மாதங்களுக்கும் பொருந்தும்.

மணிக்கணக்கு

இவ்வளவும் தெரிந்தால் திட்டம் தானே அமைந்துவிடுகிறது. காலையில் தொடங்கி முன்னோக்கி எண்ணுவதை விட்டு, மழை வரக்கூடிய மாலை நான்கு மணியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.

காலை ஆறு முதல் பத்து வரை திறந்தவெளி வேலைகளுக்கு உரியது. நடப்பது, மலை ஏறுவது, சந்தைக்குச் செல்வது எல்லாம் இதற்குள் முடிய வேண்டும். பதினொன்று முதல் மூன்று வரை கூரையின்கீழ் இருக்கும் வேலைகளுக்கு உரியது; அலுவலகம், வங்கி, துணிக்கடை, சாப்பாடு இவற்றை இங்கே வைத்துக்கொள்ளலாம். வெப்பம் உச்சத்தை அடைவது நண்பகலில் அன்று, இரண்டரை மணியை ஒட்டி என்பதை நினைவிற் கொள்க. மூன்று மணிக்குப் பேருந்தில் இருக்க வேண்டும். நாமக்கல்லுக்கும் சேலத்துக்கும் இடையே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். இராசிபுரத்துக்கு அதிற் பாதிக்குச் சற்று மேல். மூன்று மணிக்கு ஏறியவர் மழைக்கு முன் வீடு சேரலாம்; வழியில் மழை பிடித்தாலும் பேருந்துக்குள் இருப்பார்.

சேலத்துக்கு ஒரு திட்டம்

முதன்முறை சேலம் காண வருவோர்க்கு ஒரு திட்டம் சொல்கிறேன். விடியற்காலையிற் புறப்பட்டு ஏழு, ஏழரைக்குள் பழைய பேருந்து நிலையப் பகுதியை அடைந்துவிட வேண்டும். சுகவனேசுவரர் கோயில், கோட்டை மாரியம்மன் கோயில், கோட்டை அழகிரிநாதர் கோயில் ஆகிய மூன்றும் அங்கிருந்து நடக்கும் தொலைவில் உள்ளன. கோயில்கள் நண்பகலில் நடை சாத்துவதாலும், கல்தளம் பத்து மணிக்குமேல் காலைச் சுடுவதாலும் இவற்றை முதலிற் காண்பதே முறை. நண்பகலுக்கு அரசு அருங்காட்சியகம் ஏற்றது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறவாதீர். பிறகு கடைவீதி. மாம்பழப் பருவமாதலால் மல்கோவாவும் இமாம் பசந்தும் குவிந்திருக்கும். தட்டுவடை செட்டையும் சுவைத்துப் பார்க்கலாம். பழங்களைக் கடைசியில் வாங்குங்கள். நாள் முழுதும் சுமந்தால் வெயிலில் அவை நைந்துவிடும்.

ஏற்காடு செல்ல விரும்புவோர் அதற்கென்று தனி நாள் ஒதுக்குவது நல்லது. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஆயிரம் மீட்டருக்கு ஆறரைப் பாகை வீதம் வெப்பம் குறைவதாகக் கணக்கிட்டால், மேலே எட்டுப் பாகை குளிர்ச்சி. இக்குளிர்ச்சியை நாடி மே மாதக் கோடை விழாவுக்குக் கூட்டம் திரள்கிறது. ஆனால் மழை மேகம் முதலில் கூடும் இடமும் அம்மலையே. இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பாதையில் மூடுபனியும் மழையும் சேர்ந்தால் இறங்குவது கடினம். ஆகவே காலையில் ஏறி, மூன்று மணிக்குள் அடிவாரம் வந்துவிட வேண்டும்.

வானிலை அறிக்கையைப் படிப்பது எப்படி?

அறிக்கையைக் கேட்பவர் பலர். அதன் சொற்களின் பொருளை அறிந்தவர் சிலரே. “ஓரிரு இடங்களில் மழை” என்றால் அப்பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்குக்கு மேற்படாத இடங்களில் மழை என்று பொருள். நம் ஊரில் பெய்யாவிட்டால் அறிக்கை பொய்த்துவிட்டது என்று சொல்லக்கூடாது. மழையளவு காலை எட்டரை மணியோடு முடியும் 24 மணி நேரத்துக்குக் கணக்கிடப்படுகிறது. ஆதலால் காலையில் வெளியாகும் மழையளவு, நேற்று மாலையும் இரவும் பெய்த மழையின் கணக்கு. இன்று பெய்யப்போவதன் கணக்கு அன்று.

ஊர்ப்பெயரிலும் குழப்பம் நேர்கிறது. கடும் வெப்பப் பட்டியலில் அடிக்கடி வரும் “கரூர் பரமத்தி” கரூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. நாமக்கல் மாவட்டத்துப் பரமத்தி வேலூர் அன்று. வெப்ப அலை என்பதற்கும் வரையறை உண்டு. சமவெளியில் வெப்பம் குறைந்தது 40 பாகையை எட்டி, இயல்பைவிட நாலரைப் பாகையேனும் மிகுந்திருந்தால் அப்பெயர். அத்தகைய எச்சரிக்கை உள்ள நாளில் முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு நகருக்குச் செல்லாமல் இருப்பதே அறிவுடைமை.

பயணத்திட்டத்துக்கு மிகவும் பயன்படுவது, அடுத்த மூன்று மணி நேரத்துக்கு மாவட்டவாரியாக வானிலை ஆய்வு மையம் தரும் முன்னறிவிப்பாகும். பகல் ஒரு மணிக்கு ஒருமுறை அதைக் கைப்பேசியிற் பார்த்துவிட்டால் மாலை நேரத்தை முடிவு செய்துகொள்ளலாம். மின்னலுக்கென்றே புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய ‘தாமினி’ என்னும் செயலியும் உண்டு.

உடலைக் காப்பதும் உடைமையைக் காப்பதும்

கோடையில் உடலைக் குளிர்விப்பது வியர்வை; வியர்வை உலர்ந்தால்தான் குளிர்ச்சி. மழை பெய்த மறுநாள் காற்றில் ஈரம் மிகுவதால் வியர்வை எளிதில் உலர்வதில்லை. வெப்பமானி இரண்டு பாகை குறைத்துக் காட்டினாலும் உடல் கூடுதலாகத் தவிப்பது இதனால்தான். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் நீர் அருந்த வேண்டும். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலை தட்டி அளந்து கரைத்து எடுத்துச் செல்லலாம். நீர்மோரும் கம்மங்கூழும் நுங்கும் வழியெங்கும் கிடைக்கின்றன. தலைச்சுற்றலும் குழப்பமும் கண்டு உடல் கொதித்தால் அது வெப்பத்தாக்கு. உடனே நிழலில் கிடத்தி, உடலை நனைத்து விசிறி, 108-ஐ அழைக்க வேண்டும்.

மழைக்கு முன் திடீரெனக் குளிர்காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும். மழையால் குளிர்ந்து கீழே விழும் காற்று தரையில் மோதிப் பரவுவதே அது. அக்காற்று முகத்தில் பட்டால் சில நிமிடங்களே உள்ளன என்று கொண்டு கட்டடத்துக்குள் சென்றுவிட வேண்டும். அன்று நான் அதை உணர்ந்தும் நடந்துகொண்டே இருந்தேன். அதுவே என் பிழை. புளியமரத்தடி ஒதுங்கும் இடமன்று. மின்னலைக் கண்டபின் இடியோசை கேட்க மூன்று வினாடி ஆனால் அது ஒரு கிலோமீட்டர் தொலைவில் விழுந்தது என்று கணக்கிடலாம். கடைசி இடி கேட்டு அரை மணி கழிந்தபின் வெளியே வருவது பாதுகாப்பு. தெருவில் நீர் ஓடினால் அதில் இறங்கக்கூடாது. சாக்கடை மூடி திறந்து கிடப்பது கண்ணுக்குத் தெரியாது.

சான்றிதழ்களைப் பொறுத்தவரை என் முறை இது: முதலில் ஒவ்வொன்றுக்கும் மூன்று நகல், பிறகு மூலங்களை ஒரு பாலித்தீன் உறையிலிட்டு, வாயை மடித்து, அதை இன்னோர் உறைக்குள் வைத்துப் பையின் நடுவில் துணிகளுக்கிடையே செருகிவிடுவது. அட்டைக் கோப்பு அழகுக்கு உதவும், மழைக்கு உதவாது.

இவ்வாண்டு என் தங்கைக்குக் கலந்தாய்வு. விடியற்காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். அவளுக்கு முதல் சுற்றிலேயே இடம் கிடைத்தது. பகல் ஒன்றரைக்கு வேலை முடிந்ததும், “அண்ணா, கடை வீதிக்குப் போவோமா?” என்று கேட்டாள். வானத்தையும் கைப்பேசியையும் பார்த்துவிட்டு, “இன்னொரு நாள் காலையில் வருவோம், பாப்பா” என்றேன். மூன்றே கால் மணிக்கு வீட்டில் இருந்தோம். ஐந்து மணிக்குப் போதமலைப் பக்கம் இருண்டு மழை இறங்கியது. திண்ணையில் அப்புச்சியோடு அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, சற்றே சிரித்தார்.

நாமக்கல் ஆஞ்சநேயர் பதினெட்டு அடி உயரத்தில், மேலே கூரையில்லாமல், வெயிலையும் மழையையும் ஒன்றாக ஏற்று நிற்கிறார். அந்த ஆற்றல் நமக்கில்லை. நமக்கு வாய்த்தது சிறிது முன்யோசனை மட்டுமே. வரும் கோடையில் நகருக்குப் புறப்படும் நண்பர்கள் பையை எடுக்கும் முன் கடிகாரத்தை ஒருமுறை பார்த்து, மாலை நான்கிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொள்வார்களேயானால், இக்கட்டுரை எழுதிய பயனை நான் அடைந்தவனாவேன்.