நமது குழந்தைகள் மெலிவதேன்?

காலையில் கறந்த பால் முழுவதையும் சங்கத்தில் ஊற்றிவிட்டு, வீட்டிலுள்ள இரண்டு வயதுக் குழந்தைக்கு நீராகாரத்தை வார்த்து வந்த அங்கத்தினர் ஒருவரைக் கம்மாபுரத்துப் பக்கத்தில் நான் அறிவேன். கடன் தவணையில் அவர் ஒரு நாளும் தவறியதில்லை. சங்கப் புத்தகத்தில் அவர் பேரில் பாக்கி கிடையாது. குழந்தையோ எடை குன்றி, நடை தளர்ந்திருந்தது. அவர் கெட்ட தகப்பனுமல்லர். வயிறு நிரம்பினால் போதுமென்று நினைத்தவர். அத்தகையோர் பலர் இருப்பதாலேயே இதை எழுதத் துணிந்தேன்.

விருத்தாசலம் வட்டாரத்தில் நெல்லும் மணிலாக்கொட்டையும் முந்திரியும் விளைகின்றன. ஆயினும், 2019-21ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100க்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரமும், 22 பேர் வயதுக்கேற்ற எடையும் இல்லாதிருந்தனர். ஆறு மாதத்துக்கு மேற்பட்டோரில் 57 பேருக்கு இரத்த சோகை. ஆகவே தானியம் இருப்பது மாத்திரம் போதாதென்பது தெளிவு. காரணங்கள் நான்கு.

முதலாவது, தாயின் தேகநிலை. இரத்தக் குறைவுள்ள தாய்க்கு எடை குறைந்த சிசு பிறக்க ஏதுவாகிறது. எல்லோரும் உண்ட பின் எஞ்சியதைக் கர்ப்பிணி உண்ணும் வழக்கம் ஒழிய வேண்டும். சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரைகளைத் தவறாது உட்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, ஊட்டும் முறை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தர வேண்டும். சீம்பாலைப் பீய்ச்சி எறிவது பெருந்தவறு. ஆறு மாதம் வரை தாய்ப்பாலன்றி ஜலமும் வேண்டுவதில்லை. அதன் பின் தாய்ப்பால் மட்டும் போதாது. ஆயினும் இரண்டு வயது வரை அதையும் நிறுத்தலாகாது. குழந்தையின் வயிறு சிறியது. தெளிந்த கஞ்சியால் அது நிரம்புமேயன்றிப் பலம் உண்டாகாது. கரண்டியிலிருந்து வழிந்தோடாத கெட்டியான கூழோ, பருப்புடன் மசித்த சாதமோ, முதலில் நாளுக்கு இரண்டு மூன்று வேளையும், ஒன்பது மாதத்துக்குப் பின் மூன்று நான்கு வேளையும் ஊட்ட வேண்டும். கேழ்வரகில் அரிசியைவிடப் பன்மடங்கு சுண்ணாம்புச்சத்து உண்டு. முருங்கைக்கீரை கொல்லையிலேயே இருக்கிறது. மணிலாக்கொட்டையை வறுத்து நன்றாக இடித்துச் சேர்க்கலாம். முழுக்கொட்டை தொண்டையில் அடைக்கும். பூஞ்சணம் பிடித்தது விஷம்.

மூன்றாவது, வியாதி. பேதி கண்ட குழந்தை, உண்டதையும் இழந்து, பசியையும் இழக்கிறது. அச்சமயம் ஆகாரத்தை நிறுத்துவது பேதியினும் பெருங்கேடு. உப்புச் சர்க்கரைக் கரைசலை அடிக்கடி கொடுத்து, பாலும் ஆகாரமும் தொடர்ந்து ஊட்ட வேண்டும். காய்ச்சி ஆறிய நீரும், சோப்பிட்டுக் கழுவிய கையும் பாதி வியாதியைத் தடுக்கும்.

நான்காவது, தாயின் அவகாசம். நடவுக்கோ, பீங்கான் தொழிற்கூடத்துக்கோ விடியலில் செல்லும் தாய், குழந்தையைப் பாட்டியிடமோ மூத்த பெண்ணிடமோ விட்டுச் செல்கிறாள். நாளுக்கு நான்கு வேளை ஊட்ட ஆளில்லை. இது தாயின் குற்றமன்று. குடும்பம் முழுவதும் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய பொறுப்பு.

நம் மாகாணத்துக்கு இதில் நல்ல அநுபவமுண்டு. 1975ல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தேசத்தில் தொடங்கிற்று. 1980ல் உலக பாங்கின் உதவியுடன் இங்கு ஆரம்பித்த போஷாக்குத் திட்டத்தில், ஆறு முதல் முப்பத்தாறு மாதக் குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்தார்கள். எடை ஏறாத குழந்தைக்கு உபரி ஆகாரம் தந்து, தாய்க்கும் யோசனை கூறினார்கள். கடும் நலிவு கணிசமாகக் குறைந்தது. மெலிவு கண்ணுக்குத் தெரியுமுன் தராசுக்குத் தெரியும் என்பதே அதன் பாடம். இன்று அங்கன்வாடியில் எடை பார்க்கிறார்கள்; சத்துமாவும் தருகிறார்கள்.

சங்கங்கள் செய்யக்கூடியது யாது? பால் ஊற்றும் அங்கத்தினர் ஒவ்வொருவரும், ஒரு வயது கடந்த குழந்தைக்குக் கால் லிட்டரை வீட்டில் நிறுத்திக்கொண்டு மிகுதியை ஊற்றுவதெனப் பொதுக்கூட்டத்தில் தீர்மானிக்கலாம். வரவு சிறிது குறையும். மருந்துச் செலவுக்கு வாங்கும் கைமாற்றும் குறையும். முதலிரண்டு ஆண்டுகளில் குன்றிய வளர்ச்சியைப் பின்னர் முழுவதும் ஈடுசெய்வது அரிது. பயிர்க்கடனுக்குத் தவணை நீட்டிப்பு உண்டு, இதற்கு இல்லை.

மேலே கூறிய அங்கத்தினர் இப்போது கால் லிட்டர் குறைத்தே ஊற்றுகிறார். சென்ற முறை கண்டபோது, குழந்தை தெருவில் ஓடிக்கொண்டிருந்தது.