கிந்தா ஆற்றங்கரையில் கல்வியும் மருத்துவமும்

தித்திவாங்சா மலைத்தொடரில் பிறந்து பேராக் ஆற்றில் கலக்கும் கிந்தா ஆறு, மலேசியாவின் ஈப்போ நகரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஓடுகிறது. மேற்குக் கரையில் பழைய நகரம். கிழக்குக் கரையில் புதிய நகரம். படகுகள் இந்த இடம் வரைதான் ஏறி வர முடியும் என்பதால், ஈயக்கல் ஏற்றும் துறையாக இருந்த சிறு குடியிருப்பு ஊராக வளர்ந்தது. 1892இல் பெருந்தீ ஊரின் பாதியைச் சாம்பலாக்கியும் ஊர் ஓய்ந்துவிடவில்லை. 1937இல் பேராக் மாநிலத் தலைநகர் தைப்பிங்கிலிருந்து இங்கே மாறியது. 1988 மே 27இல் ஈப்போ மாநகராக அறிவிக்கப்பட்டது.

ஈயம் சீனர்களை அழைத்து வந்தது. ரப்பரும் ரயில் பாதையும் தமிழர்களை அழைத்து வந்தன. ஏற்கெனவே இங்கிருந்த மலாய்க்காரர்களோடு சீக்கியர், மலையாளி, யாழ்ப்பாணத் தமிழர் என எல்லாரும் ஆற்றின் இரு கரையிலும் குடியேறினர். புந்தோங் வட்டாரத்தில் இன்றும் தமிழ்க் குரல்தான் ஓங்கி ஒலிக்கும். எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்களின் வாரிசுகள் அங்கே முறுக்கும் கடலையும் வறுத்துப் போடும் கச்சான் பூத்தே என்ற நொறுக்குத் தீனி நாடெங்கும் போகிறது.

அந்நாளில் ரப்பர் தோட்டங்களில் மருத்துவம் என்றால் டிரசர்தான். தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி செய்து தருவதைப் பிரிட்டிஷ் காலச் சட்டம் தோட்ட முதலாளிகளின் கடமையாக்கியிருந்தது. டாக்டர் எப்போதாவதுதான் வருவார். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி மலேரியாவுக்குக் கொயினா கொடுப்பது எல்லாம் டிரசரின் வேலை. அவருக்கு மிஞ்சிய நோய் என்றால் பத்து காஜாவுக்கோ ஈப்போவுக்கோ கொண்டுபோக வேண்டும். மனநோயாளிகளுக்கென ஆற்றின் மேற்பகுதியில், தஞ்சோங் ரம்புத்தானில், 1911இல் ஒரு பெரிய மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்றைய பஹாகியா மருத்துவமனை அதுதான். அந்த ஊரின் பெயரையே ஏச்சாகப் பயன்படுத்தும் பழக்கம் மலேசியாவில் இன்னும் ஒழியவில்லை. நூறாண்டுக்கு மேல் நோயாளிகளைப் பராமரித்த ஓர் இடத்துக்கு இது பெரும் அநீதி.

ஈப்போவின் மருத்துவ வரலாற்றில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் சிபில் கார்த்திகேசு. மேடானில் 1899இல் பிறந்த இவர் ஒரு தாதி, மருத்துவச்சி. கணவரான டாக்டர் ஏ.சி. கார்த்திகேசுவுடன் ஈப்போவின் புருஸ்டர் சாலையில் கிளினிக் நடத்தினார். கன்டோனீஸ் மொழியைச் சரளமாகப் பேசியதால் சீனக் குடும்பங்கள் இவரிடம் தயக்கமின்றி வந்தன. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் நெருங்கியபோது குடும்பம் அருகிலுள்ள பாப்பான் என்ற சிற்றூருக்கு ஒதுங்கியது. அங்கே பெரிய தெருவில் 74ஆம் எண் கடைவீட்டில், காட்டிலிருந்து இரவில் இறங்கிவந்த எதிர்ப்புப் படையினருக்குச் சிபில் ரகசியமாகச் சிகிச்சை அளித்தார். தடை செய்யப்பட்ட வானொலியை ஒளித்து வைத்து பிபிசி செய்தியும் கேட்டுச் சொன்னார். 1943இல் கைதானார். சித்திரவதையில் முதுகெலும்பு சிதைந்தும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. போருக்குப் பின் பிரிட்டன் அவருக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கியது. 1948 ஜூனில் பிரிட்டனில் இறந்த அவரது உடல் பின்னர் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. அவரைப் பற்றித் தமிழ்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிந்திருக்கிறார்கள் என்பது வருத்தத்துக்குரிய கேள்வி. மஞ்சூரியாவில் 1910–11இல் பிளேக்கை அடக்கி உலகப் புகழ்பெற்ற பினாங்கு மருத்துவர் ஊ லியென் தேயும் 1937இல் மலாயா திரும்பி, ஈப்போவில்தான் பல்லாண்டு கிளினிக் நடத்தினார்.

1985இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது. ஈயச் சுரங்கங்களான லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன; இளைஞர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் புறப்பட்டார்கள். ரப்பர் தோட்டங்களும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியதில், லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் நகர ஓரங்களுக்கு வந்து சேர்ந்தன.

அந்த வெற்றிடத்தின் ஒரு பகுதியைக் கல்வி நிரப்பியது. நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஓமார் 1969 முதலே ஈப்போவில் இயங்குகிறது. கோலாலம்பூர் பல்கலைக்கழகத்தின் அரச பேராக் மருத்துவக் கல்லூரி மாணவர்கள், நகரின் பெரிய அரசு மருத்துவமனையான ராஜா பெர்மைசூரி பைனூனில் பயிற்சி பெறுகிறார்கள். பினாங்குத் தமிழரான விஜய் ஈஸ்வரனின் கியூஐ குழுமம் தொடங்கிய குவெஸ்ட் பல்கலைக்கழகத்திலும் மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. தெற்கே கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழக வளாகம், பழைய லம்பக் குளங்களுக்கு நடுவே எழுந்து நிற்கிறது. தோண்டிப் போட்ட நிலத்துக்கு இதைவிட நல்ல பயன் கிடைத்திருக்காது.

தனியார் மருத்துவப் படிப்பின் கட்டணம் பெரும்பாலான தோட்டத்துக் குடும்பங்களுக்கு எட்டாது. ஆனால் அன்றைய டிரசரின் இன்றைய வாரிசான உதவி மருத்துவ அதிகாரிக்கும் தாதியருக்கும் சுகாதார அமைச்சே பயிற்சிக் கழகங்கள் நடத்துகிறது; அவை உலு கிந்தாவிலும் ஈப்போவிலும் உண்டு. எஸ்பிஎம் தேர்வை முடித்த பிள்ளைகளின் பெற்றோர் அவற்றின் விண்ணப்பத் தேதிகளைத் தவறவிடக் கூடாது.