அலைவுகாட்டியில் 4.6 வோல்ட் என்றால் எவ்வளவு?

மாறிக்கொண்டே இருக்கும் மின்னழுத்தத்தைத் திரையில் அலையாக வரைந்துகாட்டும் அலைவுகாட்டி, ஆய்வகப் பேச்சில் சி.ஆர்.ஓ., அலையின் வடிவத்தைக் காண்பதற்கென்றே உருவான கருவி. மின்னழுத்தத்தின் அளவைத் துல்லியமாகச் சொல்வதில் அதைவிடப் பன்மடங்கு விலை குறைந்த மல்டிமீட்டரே பல வேளைகளில் அதை விஞ்சிவிடும். ஆகவே அலைவுகாட்டியில் படித்த எண்ணுடன் அதன் நிச்சயமின்மையையும், அதாவது உண்மை மதிப்பு எந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்ற மதிப்பீட்டையும், சேர்த்து எழுதினால்தான் அளவீடு முழுமை பெறும்.

திரையில் பெரும்பாலும் செங்குத்தாக 8 கட்டங்களும் கிடையாக 10 கட்டங்களும் இருக்கும். நடு அச்சில் ஒவ்வொரு கட்டமும் ஐந்து சிறு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் ஒரு சிறு பிரிவு 0.2 கட்டம் ஆகிறது. கட்டத்துக்கு 1 வோல்ட் என்று குமிழைத் திருப்பிவைத்த நிலையில், ஓர் அலையின் முகட்டிலிருந்து அகடு வரை 4.6 கட்டங்கள் இருப்பதாகக் கொள்ளலாம். சிறு பிரிவில் பாதியை, அதாவது 0.1 கட்டத்தை, கண் தவறவிடக்கூடும். அந்த எல்லைக்குள் எந்த இடமும் சமவாய்ப்புடையது என்பதால் அதை 3இன் வர்க்கமூலத்தால் வகுக்க, ஒரு முனைக்கு 0.058 கிடைக்கிறது. முனைகள் இரண்டாதலால் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால், படிப்பதால் வரும் நிச்சயமின்மை 0.082 வோல்ட். கையேட்டின் கடைசிப் பக்கங்களில், பலரும் புரட்டிப் பார்க்காத அட்டவணையில், செங்குத்து அளவின் பிழை எல்லை 3 சதவீதம் என்று இருந்தால், அது 0.138 வோல்ட், அதையும் அவ்வாறே வகுத்தால் 0.080. இரண்டையும் வர்க்கவழியில் இணைக்க 0.114 வருகிறது. ஐ.எஸ்.ஓ. 1993இல் வெளியிட்ட நிச்சயமின்மை வழிகாட்டி கூறும் முறைப்படி, ஏறத்தாழ 95 சதவீத நம்பகத்துக்காக இதை இரட்டித்தால், விடை 4.6 ± 0.2 வோல்ட் என்றாகிறது.

இதே அலையைக் கட்டத்துக்கு 5 வோல்ட் என்ற நிலையில் பார்த்தால், அது ஒரு கட்டத்தைக்கூட எட்டாமல் குறுகிவிடும். படிப்பதால் வரும் பங்கு மட்டும் 0.41 வோல்ட்டாக உயர, மொத்த நிச்சயமின்மை 0.8 வோல்ட்டை எட்டிவிடும். கருவியும் அலையும் மாறவில்லை, குமிழ் மட்டுமே மாறியிருக்கிறது. அலை திரையை இயன்றவரை நிரப்பட்டும் என்று செய்முறை ஆசிரியர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

டிஜிட்டல் அலைவுகாட்டி 4.627 என்று எண்ணாகவே காட்டும்போது இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம் என்று தோன்றலாம். ஆனால் இவ்வகைக் கருவிகளில் பரவலாக உள்ள, மின்னழுத்தத்தை எண்ணாக்கும் 8 பிட் மாற்றி, திரையின் 8 வோல்ட் உயரத்தை 256 படிகளாக மட்டுமே பிரிப்பதால் ஒரு படி ஏறத்தாழ 0.03 வோல்ட் ஆகிறது. சராசரி எடுக்காத ஒற்றை அளவீட்டில் அந்தக் கடைசி இலக்கத்துக்குப் பொருளில்லை.

கருவியின் பட்டை அகலத்தால், அதாவது அது கையாளும் அதிர்வெண்ணுக்கு உள்ள எல்லையால், நேரும் குறைவோ வேறு வகையானது. அது இருபுறமும் ஊசலாடாமல் எப்போதும் கீழ்நோக்கியே இழுக்கும். 20 மெகாஹெர்ட்ஸ் அலைவுகாட்டியில் அதே அதிர்வெண்ணுள்ள 10 வோல்ட் சைன் அலை ஏறத்தாழ 7 வோல்ட்டாகவே தெரியும். 4 மெகாஹெர்ட்ஸ் அலையில் இக்குறைவு சுமார் 2 சதவீதமாகச் சுருங்கிவிடும்.