ஊர்வாய்க்கு அஞ்சிய இரண்டு ஊர்கள்

துணி எடுக்கவும் தைக்கக் கொடுக்கவும் துபாய்க்காரர்கள் தேடிப் போகும் இடம் சத்வா. ஷேக் சாயித் சாலையின் உயர்ந்த கட்டடங்களுக்குப் பின்னால் இருக்கும் இந்தப் பழைய குடியிருப்பில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் தமிழர்கள் பலருக்குக் குடும்பம் ஊரில்தான். கணவன் சபரில், அதாவது வெளிநாட்டில்; மனைவி ஊரில். அவள் எங்கே போனாள், யாரோடு பேசினாள் என்ற சேதி அவள் வாய்திறப்பதற்கு முன்பே வேறு யாரோ ஒருவரின் வாட்ஸ்அப்பில் கடல் தாண்டி வந்துவிடுவதும் உண்டு.

இந்த வாழ்க்கையை அறிந்தவர்கள் சேர்த்துப் படிக்க வேண்டிய இரண்டு தமிழ் நாவல்கள் இருக்கின்றன. ஒன்று, தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ (1988). மற்றது, சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004). முதல் நாவல் குமரி மாவட்டத்துத் தேங்காப்பட்டணத்தில் பிறந்தவர் எழுதியது. இரண்டாவது, திருச்சி மாவட்டத்துத் துவரங்குறிச்சியில் பிறந்தவர் எழுதியது. இரண்டிலும் ஊர்க்கட்டுப்பாடுதான் மையம். அந்தக் கட்டுப்பாடு யார் கையில் இருக்கிறது என்று கேட்டால் இரண்டும் வெவ்வேறு விடை சொல்கின்றன.

மீரானின் கதை சுதந்திரத்துக்கு முந்தைய காலத்தில் நடக்கிறது. வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளி வைத்ததே அங்கே சட்டம். தென்னந்தோப்பும் குலப்பெருமையும் பள்ளிவாசலில் முதல் மரியாதையும் அவருக்கு. ஊரில் ஆங்கிலப் பள்ளிக்கூடம் வரப்போகிறது என்றதும் மார்க்கத்தின் பெயரைச் சொல்லி அதைத் தடுக்கப் பார்க்கிறார். எழுதப் படிக்கத் தெரிந்த தலைமுறை தன் முன்னால் துண்டை இடுப்பில் கட்டி நிற்காது என்ற பயம்தான் அவருக்கு. எதிர்த்து நிற்பவர் சுறாப்பீலி வியாபாரி மஹ்மூது, பணமோ குலமோ துணையில்லாத மனிதர். முதலாளியின் பிடிவாதம் கடைசியில் அவருடைய வீட்டையே அழிக்கிறது. சொந்த மகளின் வாழ்வும் அதில் பலியாகிறது.

சல்மாவின் ஊரில் அப்படி ஒரு முதலாளி தேவைப்படவில்லை. ஊரே காவல் காக்கிறது. சிறுமி ராபியாவின் கண் வழியாக நாம் அடுக்களைகளையும் திண்ணைகளையும் பார்க்கிறோம். ஊரைவிட்டு ஓடிப்போன ஒரு பெண்ணுக்காக, ஊரிலேயே இருக்கும் அவளுடைய தாய் ஒதுக்கப்படுகிறாள். பெண்கள் சினிமாவுக்குப் போகக் கூடாது என்று ஜமாத் முடிவெடுக்கிறது. திருமணம் முறிந்து தாய்வீடு திரும்பிய பிர்தவ்ஸ், சிவா என்ற இந்து இளைஞன்மேல் அன்பு கொள்கிறாள். அது வெளிப்பட்டதும் அவளுக்கு விஷம் கொடுப்பவள் பெற்ற தாய்தான். அதே ஊரில் ஆண்களின் கள்ள உறவுகள் தெரிந்தே நடக்கின்றன. அவற்றுக்காக எந்தக் கூட்டமும் கூடுவதில்லை.

முதலாளியின் அதிகாரம் விழுந்துவிடக்கூடியது. பள்ளிக்கூடம் கட்டப்பட்டதும் அது ஆட்டம் காண்கிறது. தாயின் மனத்துக்குள் புகுந்த அதிகாரத்தை எந்தப் பள்ளிக்கூடத்தால் அசைக்க முடியும்? சல்மாவின் நாவல் மனத்தை அதிகம் அழுத்துவது இதனால்தான்.

இந்த இரண்டு வகை அதிகாரங்களும் அமெரிக்க இலக்கியத்திலும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கின்றன. 1630இல் பாஸ்டனில் குடியேறிய ப்யூரிட்டன்கள் பைபிளை வாழ்க்கைச் சட்டமாக்கிய கடுமையான கிறிஸ்தவர்கள். 1692இல் அவர்களுடைய சேலம் என்னும் ஊரில் சில சிறுமிகள் சிலரைச் சூனியக்காரிகள் என்று கைகாட்ட, 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். ஒரு முதியவர் பாறாங்கற்களால் நசுக்கிக் கொல்லப்பட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் உயிர் பிழைத்தார்கள். மறுத்தவர்களில் பலர் செத்தார்கள். இதை வைத்து ஆர்தர் மில்லர் 1953இல் ‘தி க்ரூசிபிள்’ நாடகத்தை எழுதினார். அது கம்யூனிஸ்டுகள் என்ற சந்தேகத்தின்பேரில் கலைஞர்களை அமெரிக்க அரசு விசாரித்துக்கொண்டிருந்த காலம். மில்லரும் 1956இல் விசாரிக்கப்பட்டார். தோழர்களின் பெயரைச் சொல்ல மறுத்ததற்காக அடுத்த ஆண்டு தண்டிக்கப்பட்டார். 1958இல் அந்தத் தண்டனை ரத்தானது. நாடகத்தின் நாயகன் ஜான் ப்ராக்டரும் பொய் வாக்குமூலத்தைக் கிழித்துவிட்டுத் தூக்குமேடைக்குப் போகிறான். அதிகாரத்தின் முன் தனியாக நிற்கும் மஹ்மூதுக்கு அவன் உறவுக்காரன்.

சல்மாவுக்கு நெருக்கமானவர் நதானியேல் ஹாதார்ன். சேலம் வழக்குகளை விசாரித்த நீதிபதிகளில் ஒருவர் இவருடைய முன்னோர். ஹாதார்னின் ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ 1850இல் வந்தது. கணவன் உடனில்லாத காலத்தில் குழந்தை பெற்றதற்காக, ஹெஸ்டர் பிரின் நெஞ்சில் சிவப்பு எழுத்தை அணிய வேண்டும் என்று ப்யூரிட்டன்களின் பாஸ்டன் தீர்ப்பளிக்கிறது. குழந்தையின் தகப்பன் அவ்வூரின் மதிப்புமிக்க பாதிரியார். அவரோ ஏழு ஆண்டுகள் வாய்திறக்கவில்லை. ஹெஸ்டர் தையல் வேலை செய்து பிழைக்கிறாள். ஆளுநரின் சடங்கு உடைக்கு அவளுடைய பூவேலை வேண்டும். மணப்பெண்ணின் முக்காட்டை மட்டும் அவளிடம் யாரும் கொடுப்பதில்லை. உழைப்பை வாங்கிக்கொண்டு மனுஷியை ஒதுக்கும் அந்தக் கணக்கு, சல்மாவின் தெருக்களை அறிந்தவருக்குப் புதிதல்ல.

ஹெஸ்டர் உயிரோடு இருந்து, துயரப்படும் பெண்கள் ஆலோசனைக்குத் தேடி வருபவளாக முதுமை அடைகிறாள். பிர்தவ்ஸுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. பெரிய வேறுபாடு இன்னொன்றும் உண்டு. ஹாதார்ன் எழுதியது தனக்கு இருநூறு ஆண்டு முந்தைய ஊரை. மில்லர் எழுதியது தனக்கு இருநூற்று அறுபது ஆண்டு முந்தைய ஊரை. சல்மா தான் வாழ்ந்த ஊரின் வாழ்க்கையையே எழுதினார். சினிமாவுக்குப் போனதற்காகப் பதின்மூன்றாம் வயதில் அவருடைய பள்ளிப் படிப்பு நின்றது. வீட்டாருக்குத் தெரியாமல் இரவில் எழுதினார். சொந்தப் பெயரை மறைக்கவே சல்மா ஆனார். 2001இல் உள்ளூர்ப் பேரூராட்சித் தலைவரானார். 2025இல் மாநிலங்களவைக்குச் சென்றார்.

சபரில் இருப்பவர்கள் அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது சல்மாவின் நாவலைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னால், பதில் அனுப்புவதற்கு முன்னால் மனைவிக்கு ஒரு போன் போட்டு அவள் சொல்வதைக் கேளுங்கள்.