மலை ஏற எந்த கியர்? ஒரு சின்னக் கணக்கு

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு முதல் தடவை சைக்கிளில் ஏறப் போனபோது எனக்கு 43 வயது. பாதி வழியிலேயே இறங்கித் தள்ள ஆரம்பித்துவிட்டேன். டீக்கடை பெரியவர் ஒருவர், "என்ன தம்பி, கியர் சைக்கிள்தானே, மிதிக்க வேண்டியதுதானே?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரல. வலது முழங்காலில் வலி. அந்த வலி அடுத்த மூன்று மாதம் கூடவே இருந்தது. வயசாகிடுச்சு, இந்த வேலையெல்லாம் நமக்கு இனி ஆகாது என்று முடிவு கட்டி, சைக்கிளை விற்கிற அளவுக்குப் போய்விட்டேன்.

விற்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காகிதமும் கால்குலேட்டருமாக உட்கார்ந்தேன். பி.இ. முதலாண்டு இயற்பியல் போதும், அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. அந்தக் கணக்கைத்தான் இங்கே பகிர்கிறேன். வயசும் காலும் காரணமில்லை, பின்சக்கரத்தில் இருந்த பல்சக்கரம்தான் காரணம் என்று அது சொன்னது.

"எத்தனை கியர்?" என்ற தப்பான கேள்வி

வாங்கும்போது கடைக்காரர் சொன்னது: "16 கியர் சார், எந்த மலையும் ஏறும்." முன்னால் இரண்டு பல்சக்கரம், பின்னால் எட்டு. பெருக்கினால் 16. ஆனால் மலையில் இந்த 16-க்கு ஒரு வேலையும் இல்லை. செங்குத்தான இடத்தில் நமக்குப் பயன்படுவது ஒரே ஒரு கியர்தான். முன்னால் ஆகச் சின்னது, பின்னால் ஆகப் பெரியது.

என் சைக்கிளில் அது முன்னால் 34 பல், பின்னால் 28 பல். 34-ஐ 28-ஆல் வகுத்தால் 1.21. பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் 1.21 சுற்று சுற்றும். என் சக்கரத்தின் சுற்றளவு 2.15 மீட்டர். ஆக, ஒரு மிதி சுற்றுக்கு 2.6 மீட்டர் முன்னால் போகும். இந்த ஒரு எண்தான் உங்கள் சைக்கிளின் மலையேறும் ஜாதகம். கியர் எண்ணிக்கையை மறந்துவிட்டு இதை முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மலை எவ்வளவு கேட்கிறது?

8 சதவீத ஏற்றம் என்றால் 100 மீட்டர் போனால் 8 மீட்டர் உயரம். நீலகிரி மலை ரயிலுக்குக் கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பல் வரிசை போட்டிருக்கிறார்களே, அந்தப் பாதையின் உச்ச ஏற்றமே 12-க்கு 1, அதாவது 8.33 சதவீதம்தான். சாலையில் நம் டயர் அதைச் சாதாரணமாகப் பிடித்து ஏறிவிடும். பிரச்சினை டயரில் இல்லை, காலில்.

நான், சைக்கிள், தண்ணீர், பை எல்லாம் சேர்த்து 90 கிலோ. 8 சதவீத ஏற்றத்தில் புவியீர்ப்பு பின்னால் இழுக்கும் விசை சுமார் 70 நியூட்டன். டயர் உரசலுக்கு 5. செயினில் வீணாவதையும் சேர்த்தால் மொத்தம் 79 நியூட்டன் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த வேகத்தில் காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம்.

இந்தப் பக்கம் நம்ம உடம்பு. மணிக்கணக்கில் என்னால் தொடர்ந்து தர முடிகிற சக்தி சுமார் 140 வாட். 140-ஐ 79-ஆல் வகுத்தால் நொடிக்கு 1.77 மீட்டர், மணிக்கு 6.4 கி.மீ. அவ்வளவுதான் என் வேகம். எந்த கியர் போட்டாலும் இது மாறாது! கியர் சக்தியை உண்டாக்காது. அதே சக்தியைக் கால் எப்படிக் கொடுக்கிறது என்பதை மட்டும்தான் மாற்றும்.

மணிக்கு 6.4 கி.மீ. வேகத்தில் ஒவ்வொரு கியருக்கும் பெடல் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்?

34/28 – 41 சுற்று
34/32 – 47 சுற்று
34/34 – 50 சுற்று
30/34 – 56 சுற்று
26/36 – 69 சுற்று

சமதளத்தில் நாம் இயல்பாக 70, 80 சுற்று மிதிக்கிறோம். மலையில் நான் மிதித்தது 41. சுற்று குறைந்தால் ஒவ்வொரு மிதியிலும் அழுத்தம் கூடித்தானே ஆகணும்? 70 சுற்றில் பெடல் மீது சராசரியாக 11 கிலோ அழுத்தம் போதும். 41 சுற்றில் அது 20 கிலோ ஆகிவிடுகிறது. இது சராசரி. கால் கீழே அழுத்தும் அந்தக் கணத்தில் இதைப்போல் இரண்டு மடங்கு வரை போகும். கிலோமீட்டருக்கு ஒவ்வொரு காலும் 380 தடவை இதைச் செய்கிறது. என் முழங்கால் புகார் சொன்னதில் நியாயம் இருந்தது.

சராசரி என்ற பொறி

கிளம்புவதற்கு முன் நான் கணக்கே பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பார்த்தேன். மேட்டுப்பாளையம் – கோத்தகிரி தூரம் சுமார் 33 கி.மீ., ஏற்றம் ஏறத்தாழ 1450 மீட்டர். சராசரி 4.5 சதவீதம்கூட இல்லை. 5 சதவீதம் என்றே வைத்தாலும் 140 வாட்டில் மணிக்கு ஒன்பதரை கி.மீ. போகலாம், 34/28-ல் 60 சுற்று வரும். தாராளமாக ஏறலாம் என்று நினைத்தேன்.

ஆனால் அந்தச் சராசரியில் ஆரம்பத்துச் சமதளமும் அடங்கும், நடுவில் வரும் சின்ன இறக்கங்களும் அடங்கும். கால் சராசரியில் மிதிப்பதில்லை, அந்தந்த இடத்தில் மிதிக்கிறது. அதிலும் கொண்டை ஊசி வளைவின் உள்பக்கம் ரொம்ப மோசம். வெளிவட்டமும் உள்வட்டமும் ஏற வேண்டிய உயரம் ஒன்றுதான், ஆனால் உள்வட்டத்தில் தூரம் குறைவு, அதனால் ஏற்றம் அதிகம். நம் ஊரில் இடதுபக்கம் போகிறோம் என்பதால் இடது வளைவுகளில் அந்தச் செங்குத்தான உள்பக்கம் நம் தலையில்தான் விழும். எனவே கியரைத் தேர்ந்தெடுக்க, பாதையின் சராசரியை விட்டுவிட்டு அதில் வரும் மோசமான ஒரு கிலோமீட்டரைப் பாருங்கள்.

உங்கள் எண்ணைக் கண்டுபிடிப்பது எப்படி?

1. பக்கத்தில் ஒரு மலைக்கோயில் சாலையோ பெரிய மேடோ தேடுங்கள். உயரத்தை வரைபடத்தில் பாருங்கள். நிறுத்தாமல் ஏறி, நேரத்தைக் குறியுங்கள். மொத்த எடை × 9.81 × உயரம் ÷ நொடிகள் = வாட். மற்ற இழப்புகளுக்குப் பத்து சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் 120 மீட்டர் உயரத்தை 12 நிமிஷத்தில் ஏறினேன். கிட்டத்தட்ட 160 வாட்.

2. 12 நிமிஷத்துக்கு வர்ற சக்தி மூணு மணி நேரத்துக்கு வராது. 15 சதவீதம் போல் குறையுங்கள். எனக்கு 140 என்பது அப்படி வந்ததுதான்.

3. ஏறப்போகும் மலையின் மோசமான கிலோமீட்டருக்கு, மேலே சொன்னபடி விசையையும் வேகத்தையும் கணக்கிடுங்கள்.

4. நிமிஷத்துக்கு எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்பதை 60-ஆல் வகுத்து, பிறகு சக்கரச் சுற்றளவால் வகுங்கள். அதுதான் உங்களுக்கு வேண்டிய விகிதம். 60 சுற்றுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது என் வழக்கம். 70 கிடைத்தால் சொர்க்கம்.

எனக்கு 8 சதவீதத்தில் 60 சுற்றுக்கு 0.83 வந்தது. 70 சுற்றுக்கு 0.71. என்னிடம் இருந்ததோ 1.21!

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

பெரிய கேசட்டை வாங்கி மாட்டினால் போதும் என்று நினைத்தேன். மெக்கானிக் தம்பி தடுத்தார். பின்னால் செயினை நகர்த்தும் டீரெய்லருக்கு இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று, அது தாங்கும் ஆகப் பெரிய பல்சக்கரம். இன்னொன்று, எவ்வளவு தொய்வை அதனால் சுருட்டிக்கொள்ள முடியும் என்பது. முன்சக்கரங்களின் பல் வித்தியாசத்தையும் பின்சக்கரங்களின் பல் வித்தியாசத்தையும் கூட்டினால் அந்த இரண்டாவது எண் வரும். முன்னால் 46-30, பின்னால் 11-34 என்றால் 16 + 23 = 39. டீரெய்லரின் கொள்ளளவு இதற்குக் குறைவாக இருந்தால் செயின் தொங்கும், அல்லது பெரிய சக்கரத்தில் இறுகி ஏதாவது உடையும். அதனால் கேசட்டோடு நீளக் கை உள்ள டீரெய்லர், நீளமான செயின், சின்ன கிராங்க் எல்லாம் சேர்ந்தே மாறின. முன் டீரெய்லரையும் கொஞ்சம் கீழே இறக்க வேண்டியிருந்தது.

இப்போது என் ஆகச் சின்ன கியர் 30/34, அதாவது 0.88. கணக்கு கேட்ட 0.83 கிடைக்கல, ஆனால் கிட்டத்தில் வந்துவிட்டது. இழந்தது? 46/11-ல் 90 சுற்று மிதித்தால் இன்னும் மணிக்கு 48 கி.மீ. போகலாம். மலையிறக்கத்தில் நான் மிதிப்பதே இல்லை, பிரேக்தான் பிடிக்கிறேன். எனவே இழந்தது ஒன்றுமில்லை.

இந்தச் செலவுக்குப் பதில் இரண்டு கிலோ எடை குறைந்த சைக்கிள் வாங்கியிருந்தால்? 90-ல் 2 கிலோ என்பது இரண்டு சதவீதம்தான். 41 சுற்று 42 ஆகியிருக்கும்.

சின்ன கியர் அவமானமா?

"இவ்ளோ சின்ன கியரா?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. இது பழைய கேலி. டூர் த பிரான்ஸ் பந்தயம் 1910-லேயே பைரனீஸ் மலைகளின் உயரமான கணவாய்களுக்குப் போய்விட்டது. டீரெய்லரை அனுமதித்ததோ 1937-ல்தான். அதுவரை வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, மறுபக்கத்தில் இருந்த பெரிய பல்சக்கரத்தில் ஏறினார்கள். கியர் மாற்றுவது பலவீனர்களுக்கு என்ற எண்ணம் பந்தயத்தை நடத்தியவருக்கே இருந்தது. இன்று அதே பந்தயத்தில் கியர் மாற்றாமல் ஏறுபவர் ஒருவரும் இல்லை.

அடுத்த முறை அதே சாலையில் அதே முழங்காலோடு ஏறினேன். ஒரு தடவைகூட இறங்கவில்லை. வேகம் கூடிவிடவில்லை, அதே 6 கி.மீ.தான். மேலே போய்ச் சேர்ந்தபோது வலி இல்லை. மறுநாளும் இல்லை. அந்த டீக்கடையில் நிறுத்தி டீ குடித்தேன், பெரியவர் அன்று இல்லை.

கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகள் இன்னும் பாக்கி. 10 சதவீதத்தைத் தாண்டும் இடங்களில் எனக்கு 0.67 வேண்டும், என்னிடம் இருப்பது 0.88. 22/32 வைத்த மவுண்டன் பைக்கில் முயலலாம். இல்லையென்றால் அந்த இடங்களில் இறங்கித் தள்ளலாம். இந்தத் தடவை ஏன் தள்ளுகிறோம் என்றாவது தெரிந்திருக்கும்.