மரபணு மருத்துவம்: நம் பிள்ளைகளுக்கு ஒரு மேற்படிப்பு

வீட்டில் ஒரு பிள்ளை எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டால் அடுத்த பேச்சு மேற்படிப்புதான். இதயமா, எலும்பா, குழந்தை நலமா என்று கேட்கிறோம். மரபணு மருத்துவம் என்று ஒரு துறை இருப்பது பலருக்குத் தெரிவதில்லை.

மனிதனின் மரபணுத் தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள் உள்ளன. அவற்றைப் படித்தறியும் உலகத் திட்டம் 1990இல் தொடங்கி 2003இல் நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்டது. விடுபட்ட பகுதிகள் 2022இல் நிரப்பப்பட்டன. இன்று ஒருவருடைய தொகுதியைக் கருவி சில நாட்களில் படித்துவிடுகிறது. ஆனால் பொருள் சொல்ல ஆள் வேண்டுமே! தண்டவாளத்தில் விரிசல் இருப்பதை அல்ட்ராசானிக் கருவி காட்டும். வண்டியை விடலாமா என்பதைப் பயிற்சி பெற்றவர்தான் சொல்ல வேண்டும். இதுவும் அப்படித்தான்.

இங்கிலாந்தில் ஒரு லட்சம் மரபணுத் தொகுதிகளைப் படிக்கும் திட்டம் 2012இல் அறிவிக்கப்பட்டு 2018இல் இலக்கை எட்டியது. அதையொட்டி அரசு மருத்துவத் துறையின் டாக்டர்கள், நர்ஸ்கள், ஆய்வக ஊழியர்களுக்காகப் பல பல்கலைக்கழகங்களில் ஜீனோமிக் மெடிசின் எம்.எஸ்ஸி. தொடங்கப்பட்டது. முழு நேரமாகப் படித்தால் ஓராண்டு. பரம்பரை நோய்கள், புற்றுநோய், மருந்துக்கும் மரபணுவுக்கும் உள்ள தொடர்பு, கணினி ஆய்வு, சட்டமும் நெறியும் ஆகியவை பாடங்கள்.

நம் நாட்டில் எம்.டி.க்குப் பின் மூன்றாண்டு டி.எம். மெடிக்கல் ஜெனடிக்ஸ் படிக்கலாம். லக்னோ சஞ்சய் காந்தி மருத்துவ நிறுவனத்திலும் டில்லி எய்ம்ஸிலும் இது உண்டு. டாக்டர் அல்லாத அறிவியல் பட்டதாரிகளுக்கு மரபணு ஆலோசனையில் எம்.எஸ்ஸி. சில இடங்களில் நடக்கிறது.

இதை இங்கே படிப்பதற்குத் தனிக் காரணமும் உண்டு. இதயத் தசையைப் பாதிக்கும் ஒரு மரபணு மாற்றம் தெற்காசியரில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருப்பதை 2009இல் ஹைதராபாத் சி.சி.எம்.பி. விஞ்ஞானிகளும் பிறரும் கண்டறிந்தார்கள். ஐரோப்பியரை மட்டும் ஆராய்ந்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. 2020இல் தொடங்கிய ஜீனோம் இந்தியா திட்டத்தின் 10,000 பேர் தகவல்கள் 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன.

தாய்மாமனையும் அத்தை மகனையும் மணப்பது நம்மிடையே பழைய வழக்கம். உறவுக்குள் மணந்தால், குறையுள்ள ஒரே மரபணு இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. தலசீமியாவை எடுத்துக்கொள்வோம். தாய், தந்தை இருவரும் நோயின்றி அந்த மரபணுவை மட்டும் சுமப்பவர்களானால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்ததற்கு வராது என்பது தவறு. ஒவ்வொரு முறையும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. இது தெரியாமல் எத்தனை வீடுகளில் மருமகளை மட்டும் குறை சொல்லியிருக்கிறோம்!

இந்த உண்மையை யாரையும் புண்படுத்தாமல், அவரவர் மொழியில், பொறுமையாகச் சொல்வதும் இப்படிப்பின் ஒரு பகுதி. வீட்டில் தமிழும் வெளியில் இந்தியும் பள்ளியில் ஆங்கிலமுமாக வளரும் நம் பிள்ளைகளுக்கு அது கைவந்த கலை. உயிரியலும் புள்ளியியலும் கணினியும் பிடித்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இந்தத் துறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.